முதலில் பாய்வது எது?

சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிறன்று சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து, அன்பர்கள் காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில், நூலக அறையிலிருந்து உரத்த குரல்கள் கேட்டன. கம்பனா இளங்கோவா என்னும் பழைய வழக்குத்தான் மீண்டும் எழுந்துவிட்டதோ என்று ஆவலுடன் சென்று எட்டிப் பார்த்தோம். அதுவன்று. பொறியியற் கல்லூரியில் பயிலும் நம் இளைஞர் இருவர், கைப்பேசி ஒன்றை மேசைமேல் நிறுத்தி வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் எடுக்கப்பட்ட படம் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தனர். மணல்வெளி ஒன்றில், பருத்த சக்கரங்கள் நான்கு கொண்ட இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. விளக்கு மாறியதும் இரண்டும் மணலை வாரி இறைத்துக்கொண்டு பாய்கின்றன. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

"ஒன்று ஆட்டோமேட்டிக், மற்றொன்று கிளட்ச் வண்டி. கோட்டிலிருந்து முதலில் பாய்வது எது? நீங்களே சொல்லுங்கள் சார்!" என்று நம்மை நடுவராக்கிவிட்டனர். வண்டிப் பட்டறைகளோடு முப்பதாண்டுக் காலம் பழகியவர் நாம் என்பதை அவர்கள் அறிவர்.

அன்று நாம் விடை கூறவில்லை. "இதழில் எழுதுகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். விடை தெரியாமையால் அன்று. அக்கேள்வி நம் நெஞ்சில் வேறொரு காட்சியை எழுப்பிவிட்டமையால். அக்காட்சியை முறைப்படி பின்னர்ச் சொல்வோம். முதலில் இளைஞர்களின் வழக்கைத் தீர்த்துவைப்போம். வீட்டிலிருந்து இதனைப் படிக்கும் தாய்மார்கள், "இது நமக்கு வேண்டாத பேச்சு" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. இறுதியில் இது அவர்களுக்கே உரிய பேச்சாக முடியும்.

ஏ.டி.வி. என்பது சாலையில்லாத இடத்தில் செல்வதற்கென்றே அமைந்த வண்டி. மோட்டார் சைக்கிளைப் போல இருபுறமும் கால் போட்டு அமர வேண்டும். கைப்பிடியால் திருப்ப வேண்டும். காற்று குறைவாக அடைக்கப்பட்ட பருத்த டயர்கள் மணலிலும் சேற்றிலும் பனியிலும் புதையாமல் அதனைக் கொண்டு செல்லும். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970-இல் இவ்வகை வண்டியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறது. அந்நாளில் விற்பதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும் என்று அமெரிக்க வணிகர்கள் கேட்டதன் பயனாகப் பிறந்தது அது. ஒசாமு தகேயூச்சி என்னும் பொறியாளர் அதனை வடிவமைத்தார். அப்போது அதற்குச் சக்கரங்கள் மூன்றே. 1980-களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனம் நான்கு சக்கர வண்டியைக் கொணர்ந்தது. மூன்று சக்கர வண்டி எளிதிற் கவிழ்ந்து பலரை ஊனப்படுத்தியது, உயிரையும் வாங்கியது. அமெரிக்க அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் நீதிமன்றத்தின் வழியாக 1988-இல் ஏற்பட்ட உடன்பாட்டினால் அந்நாட்டில் அதன் புது விற்பனை நின்றது. நான்கு சக்கரம் நிலைத்தது.

வயலுக்கும் மாட்டுப் பண்ணைக்கும் வேட்டைக்கும் பயன்பட்ட வண்டியைப் பந்தயத்தில் விடாமல் இருப்பார்களா மக்கள்? அமெரிக்காவில் நேர்கோட்டு ஓட்டம் என்பது ஒரு பெரிய கலையாகவே வளர்ந்திருக்கிறது. அதனை 'டிராக் ரேஸ்' என்பர். வளைவு இல்லை, சுற்று இல்லை. இரண்டு வண்டிகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, குறித்த தொலைவை முதலில் எட்டுவது எது என்று பார்ப்பதே பந்தயம். தார்த் தளத்தில் பழைய அளவு கால் மைல். அதாவது 1,320 அடி, ஏறத்தாழ 402 மீட்டர். வாலி பார்க்ஸ் என்பவர் 1951-இல் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கம் இவ்வோட்டத்துக்குச் சட்டதிட்டங்களை வகுத்தது. முன்னாளில் கொடியசைத்துத்தான் வண்டிகளை விட்டனர். 1963 முதல் கம்பமொன்றில் மஞ்சள், பச்சை, சிவப்பு விளக்குகளை அடுக்கி வைத்தனர். அதற்குக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்பது விளையாட்டாக வந்த பெயர். இன்று அதுவே வழக்குப் பெயர். மணலில் ஓடும் ஓட்டத்துக்குத் தொலைவு குறைவு. 300 அடி என்பது பழகிய அளவு. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணற்குன்றுகளில், விடுமுறை நாள்களில் விளக்கு மரமும் இன்றி, ஒருவர் கையசைக்க மற்றவர்கள் பாய்வதும் உண்டு.

300 அடி என்றவுடன் புறப்பாட்டின் அருமை விளங்கிவிடும். நெடுந்தொலைவு ஓட்டத்தில் தொடக்கத்தில் பின்தங்கியவன் பின்னர் ஈடு செய்யலாம். 300 அடியில் அதற்கு இடமில்லை. முடிவுக் கோட்டைக் கடக்கும்போது வண்டியின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாயினும், அந்த இடத்தில் அது ஒன்பது அடி இடைவெளியாகிவிடும். வண்டியின் நீளமோ ஏறத்தாழ ஆறு அடி. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றரை வண்டி நீளம் போய்விடுகிறது!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பந்தயக் களத்தில் வண்டியின் ஓட்ட நேரத்தைப் பச்சை விளக்கு எரிந்தது முதல் கணக்கிடுவதில்லை. சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்தது முதலே கணக்கிடுகின்றனர். விளக்குக்கும் நகர்வுக்கும் இடைப்பட்ட நேரம் தனிக்கணக்கு. ஆனால் வெற்றி முதலில் முடிவுக் கோட்டைத் தொட்டவனுக்கே. ஆகவே குறைந்த நேரத்தில் ஓடிய வண்டி தோற்பதும், கூடுதல் நேரம் எடுத்த வண்டி வெல்வதும் அங்கே நடக்கும். கண்ணும் கையும் விழிப்பாக இருந்தவன், வேகமான எதிரியையும் கோட்டிலேயே வென்றுவிடுகிறான். விழிப்பு மிகுந்து பச்சைக்கு முன்னரே பாய்ந்துவிட்டாலோ சிவப்பு விளக்கு எரியும். அத்துடன் ஆட்டம் முடிந்தது.

இனி, இளைஞர்களின் கேள்விக்கு வருவோம். கிளட்ச் என்பது எதற்கு? எஞ்சின் சுழன்றுகொண்டிருக்கிறது, சக்கரம் அசையாமல் நிற்கிறது. இவ்விரண்டையும் திடீரென்று பிணைத்தால், ஒன்று எஞ்சின் அணைந்துவிடும். அன்றி வண்டி துள்ளி எழும். ஓடத் தொடங்கிவிட்ட மின்ரயிலில் ஏறுபவனை நாம் பார்த்திருக்கிறோம். அது செய்யத்தகாத செயல். ஆயினும் உவமைக்குக் கொள்வோம். அவன் நின்றபடியே கம்பியைப் பற்றினால் வீசி எறியப்படுவான். சில அடிகள் உடன் ஓடி, வேகம் ஒத்தபின் பற்றினால் ஏறிக்கொள்வான். அந்த 'உடன் ஓடும்' சில அடிகளே கிளட்சின் வேலை. தட்டுகள் பல ஒன்றன்மேலொன்றாக எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. வில்கம்பிகள் அவற்றை நெருக்குகின்றன. இடக்கையால் நெம்புகோலை அழுத்தினால் தட்டுகள் விலகும், விட்டால் நெருங்கும். பாதி விட்டால் வழுக்கிக்கொண்டே விசையைக் கடத்தும்.

கிளட்ச் வண்டிக்காரன் கோட்டில் என்ன செய்கிறான்? இடக்கை நெம்புகோலை அழுத்திப் பிடிக்கிறான். வலக்கைக் கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, எஞ்சினை அதன் முழு வலிமைக்கு அருகே கொண்டுபோய் நிறுத்துகிறான். பச்சை தெரிந்ததும் நெம்புகோலை விடுகிறான். ஆனால் ஒரேயடியாக அன்று, அளந்து விடுகிறான். அளவு மிகுந்தால் பின்சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். அல்லது முன்சக்கரங்கள் வானத்தைப் பார்க்கும். அளவு குறைந்தால் எஞ்சின் திணறிப் படுத்துவிடும். யமஹா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட பான்ஷீ என்னும் வண்டி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அது 347 சி.சி. கொள்ளளவும் இரட்டை உருளையும் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஆறு கியர், கைக்கிளட்ச். அதன் வலிமை முழுவதும் சுழற்சி மிகுந்த ஒரு சிறு எல்லைக்குள் அடங்கியிருக்கிறது. அவ்வெல்லைக்குக் கீழே அது சாது. எல்லைக்குள் நுழைந்தால் புலி. அப்புலியைக் கோட்டிலேயே எழுப்பி, எழுந்தது உறங்காமல் பார்த்துக்கொள்வது ஓட்டுபவனின் இரண்டு விரல்களே. 2006-உடன் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. ஆயினும் மணல் ஓட்டக்காரர்கள் அதனை இன்றும் கைவிடவில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரனுக்கு இந்தத் தவம் வேண்டுவதில்லை. அவ்வண்டியில் இரண்டு கப்பிகளும் ஒரு பெல்ட்டும் உள்ளன. கிணற்றுக் கப்பியை நடுவே பிளந்தாற்போன்ற இரு கூம்பு வட்டுகள் சேர்ந்து ஒரு கப்பியாகின்றன. எஞ்சின் பக்கத்துக் கப்பியில் சிறு எடைகள் பொருத்தப்பட்டுள்ளன. எஞ்சின் விரைந்து சுழலச் சுழல, இராட்டினத்தில் அமர்ந்தவரை வெளியே தள்ளுமே ஒரு விசை, அது அவ்வெடைகளை வெளியே தள்ளுகிறது. எடைகள் வட்டுகளை நெருக்குகின்றன, வட்டுகள் பெல்ட்டைக் கவ்விக்கொள்கின்றன, வண்டி நகர்கிறது. மேலும் நெருங்க, பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறுகிறது. கியர் மாற்றாமலே கியர் மாறியதற்குச் சமமாகிறது. சிலவகை வண்டிகளில் கவ்வும் வேலையைப் பெல்ட் செய்வதில்லை. அதற்கெனத் தானியங்கும் கிளட்ச் ஒன்று தனியே இருக்கிறது. எவ்வாறாயினும் ஓட்டுபவன் செய்வது ஒன்றே: கட்டைவிரலை அழுத்துதல்.

இது புதுமையன்று. 1958-ஆம் ஆண்டு இதில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஹாலந்து நாட்டின் ஹப் வான் டோர்ன் என்பவர் இத்தகைய பெல்ட் அமைப்பைத் தம் டாஃப் சிறுகாரில் வைத்து மக்களுக்குக் காட்டினார். அதே ஆண்டில் ஜப்பானில் ஹோண்டாவின் சூப்பர் கப் வெளிவந்தது. அதில் கியர் உண்டு. கிளட்ச் நெம்புகோல் இல்லை. உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்திச் செல்லும் கடைப்பையனும் மற்றொரு கையால் ஓட்டத்தக்க வண்டியாக அது இருத்தல் வேண்டும் என்பது அதனைப் படைத்தவர்களின் எண்ணம். பத்துக் கோடிக்கு மேல் அது உற்பத்தியாகிவிட்டது என்றால் அவ்வெண்ணத்தின் வெற்றியை என்னென்பது! பனிச்சறுக்கு வண்டிகளைச் செய்துவந்த அமெரிக்கப் போலாரிஸ் நிறுவனம், அவ்வண்டியின் பெல்ட்டை 1985-இல் ஏ.டி.வி.க்குக் கொண்டுவந்தது. நம் வீட்டு வாயிலில் நிற்கும் கியரில்லா ஸ்கூட்டருக்குள் சுழல்வதும் இதே கப்பியும் பெல்ட்டுந்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும், பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் கிளட்சை விடுவதற்குள் நம் வீட்டுப் பெண்கள் ஸ்கூட்டரில் பத்தடி முன்னே போய்விடுவதை நாள்தோறும் காண்கின்றோம் அன்றோ?

அப்படியானால் ஆட்டோமேட்டிக்கே முதலில் பாயுமா? ஓட்டுபவர் இருவரும் நம்மைப் போன்ற சாமானியர்களாயின், ஆம். பத்து முறை விட்டால் பத்து முறையும் அது ஏறத்தாழ ஒன்றுபோலவே புறப்படும். கியர் மாற்றும்போது விசை அறுபடுவதும் அதில் இல்லை. எஞ்சின் தனக்குகந்த சுழற்சியிலேயே நிற்க, கப்பிகள் மாறிக்கொள்கின்றன. கிளட்ச் வண்டியோ சாமானியன் கையில் ஒருமுறை பாயும், ஒருமுறை திணறும், ஒருமுறை தலைதூக்கும்.

ஓட்டுபவர் இருவரும் கைதேர்ந்தவர்கள், வண்டிகளும் நிகரான வலிமையுடையவை என்றால் தீர்ப்பு மாறுகிறது. விற்பனைக்கு வரும் ஆட்டோமேட்டிக் வண்டியில், எஞ்சின் முழு வலிமையை அடைவதற்கு நெடுமுன்னரே பெல்ட் கவ்விக்கொள்கிறது. வயலில் மெல்லச் செல்ல அதுவே நன்று. கோட்டிலிருந்து பாய அது நன்றன்று. கிளட்ச்காரன் புலியை எழுப்பிக்கொண்டு புறப்படுகிறான். ஆட்டோமேட்டிக்காரன் புறப்பட்ட பின்னரே எழுப்புகிறான். அன்றியும் பெல்ட் தன் உராய்வினாலும் சூட்டினாலும் விசையில் ஒரு பகுதியை உண்டுவிடுகிறது. இக்குறையை நீக்கப் பந்தயக்காரர்கள் கப்பியின் வில்லையும் எடைகளையும் மாற்றி, உயர்ந்த சுழற்சியிலேயே பெல்ட் கவ்வும்படி செய்துகொள்வர். கான்-ஆம் ரெனிகேட் போன்ற பெரிய இரட்டை உருளை ஆட்டோமேட்டிக் வண்டிகள் அவ்வாறு திருத்தப்பட்டால் யாரையும் திகைக்கவைக்கும். மறுபுறத்தில் கிளட்ச் வண்டிக்காரர்கள், சுழற்சி மிக மிகத் தானே தட்டுகளை இறுக்கும் கைகளைக் கிளட்சில் பொருத்துகின்றனர். தலைதூக்காதிருக்கப் பின்சக்கரத் தாங்கியை நீட்டுகின்றனர். கைவண்டிக்காரன் இயந்திரத்தின் ஒழுங்கைத் தேடுகிறான். இயந்திர வண்டிக்காரன் கையின் வீரத்தைத் தேடுகிறான்.

ஆகவே இளைஞர்களே, நம் தீர்ப்பு இதுவே: மிகச் சிறந்த பாய்ச்சல் கிளட்ச் வண்டியுடையது, பிழையற்ற பாய்ச்சல் ஆட்டோமேட்டிக் வண்டியுடையது. தன் வண்டி எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று ஓட்டுபவன் முன்கூட்டியே சொல்லி, அக்கணக்குப்படி மெதுவான வண்டியை முன்னே விடும் பந்தயமுறை ஒன்று அமெரிக்காவில் உண்டு. சொன்ன சொல் மாறாமல் ஓட வேண்டிய அவ்வகைப் போட்டியில் ஆட்டோமேட்டிக்கையே பலர் நாடுவது இதனாற்றான்.

வழக்கு முடிந்தது. இனி நாம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

ஊருக்கு ஆண்டுக்கொருமுறை போவதே நம்மில் பலருக்கு அரிதாகிவிட்டது. எனவே டிசம்பர் விடுமுறையில் சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து, பேருந்து அமர்த்திக்கொண்டு, அருகிலுள்ள மலையூர் ஒன்றுக்குச் சென்றோம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பாடிக்கொண்டே சென்ற பயணம். அங்கே ஓரிடத்தில் மண்பாதை அமைத்து, ஏ.டி.வி.க்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தனர். நம் கூட்டத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அதில் ஏறியே தீருவேன் என்று பிடிவாதம் செய்தான். வாடகைக்காரர், "கியர் இல்லை, கிளட்ச் இல்லை, சின்னப் பிள்ளையும் ஓட்டலாம்" என்று இந்தியில் சொன்னார். சிறுவனின் தாய் நம்மை நோக்கி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணா?" என்று கேட்டார். அவர் வாடகைக்காரரை நம்பவில்லை, நம்மை நம்பினார்.

நாம் வண்டியைப் பார்த்தோம். அது பெரியவர்கள் ஓட்டும் அளவுடைய வண்டி என்பது நமக்குத் தெரிந்தது. தெரிந்தும், "ஆட்டோமேட்டிக்தானே அம்மா, பயமில்லை" என்று சொல்லிவிட்டோம். முப்பதாண்டுப் பழக்கம் அந்த ஒரு நொடியில் நமக்குப் பயன்படவில்லை.

அவனும் அவன் மாமன் மகனும் ஆளுக்கொரு வண்டியில் அருகருகே நின்றனர். யாரோ "ஒன்று, இரண்டு, மூன்று" என்றார்கள். மாமன் மகன் மெல்ல நகர்ந்தான். இவனோ முந்திவிட எண்ணிக் கட்டைவிரலை முழுதும் அழுத்திவிட்டான். வண்டி பாய்ந்தது. அவன் அஞ்சினான். அஞ்சியவன் எதைச் செய்வான்? கையில் உள்ளதை இறுகப் பற்றுவான். ஏ.டி.வி.யின் ஆக்ஸிலேட்டர் கட்டைவிரலில் இருக்கிறது. கைப்பிடியை இறுகப் பற்றப் பற்ற அது மேலும் அழுந்துகிறது. பாதையோரத்து மண்மேட்டில் ஒரு சக்கரம் ஏறியது, வண்டி சாய்ந்தது. சிறுவன் ஒருபுறமும் வண்டி மறுபுறமுமாக விழுந்தமையால் உயிர் தப்பினான். கழுத்தெலும்பும் இடக்கை மணிக்கட்டும் முறிந்தன.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அந்தத் தாய் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆட்டோமேட்டிக் என்றுதானே அண்ணா சொன்னீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அச்சொல் இன்றளவும் நம்மை விட்டு நீங்கவில்லை. கோட்டில் முதலில் பாய்வது எது என்று இளைஞர்கள் கேட்டபோது நாம் வாய்திறவாமல் வந்ததன் காரணம் இதுவே.

இப்போது அதே கேள்வியைத் தாய்மாரின் பக்கம் நின்று பாருங்கள். கிளட்ச் வண்டியில் அறியாதவன் அமர்ந்து தவறு செய்தால், பெரும்பாலும் எஞ்சின் அணைந்துவிடும். வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிடும். "நீ இன்னும் கற்கவில்லை" என்று அது தானே சொல்லிவிடுகிறது. ஓடும்போது அஞ்சினாலும் இடக்கை நெம்புகோலை அழுத்தி எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிடலாம். ஆட்டோமேட்டிக் வண்டி அவ்வாறு சொல்வதில்லை. தேர்ந்தவனுக்கும் தேராதவனுக்கும் அது ஒரேவகையாகப் பணிகிறது. அதனை அடக்கும் வழி கட்டைவிரலை விடுவதும் பிரேக் பிடிப்பதுமே. அஞ்சிய குழந்தைக்கு முதலில் மறந்துபோவது அந்த விடுதல்தான். பந்தயக் கோட்டில் எந்த எளிமை வெற்றி தருகிறதோ, அதே எளிமை குழந்தையின் கையில் இடுக்கணாகிறது.

இதனால் ஆட்டோமேட்டிக்கே தீது என்று நாம் சொல்ல வரவில்லை. சிறுவர்களுக்கென்றே செய்யப்பட்ட சிறு வண்டிகளிலும் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக்தான். கிளட்சில் செல்லும் கவனம் பாதையில் செல்லட்டும் என்பதற்காக. ஆனால் அவற்றில் எஞ்சின் சிறிது; ஆக்ஸிலேட்டர் ஓரளவுக்குமேல் அழுந்தாதபடி தடுக்கும் திருகு உண்டு; குழந்தை கீழே விழுந்தால் இழுபட்டு எஞ்சினை அணைக்கும் கயிறு பலவற்றில் உண்டு. பெரியவர்களின் வண்டியோ 200 முதல் 350 கிலோ வரை எடையுள்ளது. 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி பதினாறு வயது நிரம்பாதவர்க்கு ஆகாது என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக நிலவிய விதிமுறை. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் கழகமோ, பதினாறு வயதுக்குட்பட்டவர் ஏ.டி.வி.யை ஓட்டவே வேண்டா என்கிறது. அங்கே இவ்வண்டிகளால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் மாள்கின்றனர். அவர்களுள் சிறுவரும் பலர். அத்தனை பழக்கமுள்ள நாட்டிலேயே நிலை இதுவாயின், ஒருநாள் உல்லாசத்துக்குச் செல்லும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

வரும் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்காரரிடம் வண்டி எத்தனை சி.சி. என்று கேளுங்கள். ஆக்ஸிலேட்டர்த் தடுப்பு உண்டா, விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிறு உண்டா என்று கேளுங்கள். தலைக்கவசம் தலைக்குப் பொருந்துகிறதா என்று குலுக்கிப் பாருங்கள். பெரியவரின் கவசம் குழந்தைக்குக் கவசமாகாது. ஒருவர்க்கென அமைந்த வண்டியில் குழந்தையை முன்னே வைத்துக்கொண்டு இருவராய் ஏற வேண்டா. அவ்விருக்கை நீண்டிருப்பது இன்னொருவர் அமர்வதற்காக அன்று. ஓட்டுபவர் சரிவுக்கேற்ப முன்னும் பின்னும் உடலைச் சாய்ப்பதற்காக. தார்ச்சாலையில் ஓட்ட வேண்டா. அந்த டயர் அதற்கானதன்று. இவற்றுக்கு மேலாக, வண்டி நிற்கும்போதே, "பயம் வந்தால் கட்டைவிரலை விடு" என்று சொல்லி, குழந்தையைப் பத்து முறை விடப் பழக்குங்கள். பாய்வதற்குப் பயிற்சி வேண்டியதில்லாத வண்டிக்கு, நிற்பதற்குப் பயிற்சி வேண்டும்.

அச்சிறுவன் பொங்கல் விழாவில் கையைத் தூளியிட்டுக் கட்டியபடியே மேடையேறிப் பத்துக் குறள் ஒப்புவித்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விழா முடிந்ததும் நம்மிடம் வந்து, "மாமா, அன்றைக்கு நான் ஏன் விரலை எடுக்கவில்லை?" என்று கேட்டான். அது தன் பிழை என்றே அவன் எண்ணிக்கொண்டிருந்தான். "விரலின் பிழை அன்று தம்பி, எங்கள் நாவின் பிழை" என்றோம். அவனுக்கு விளங்கிற்றோ இல்லையோ, சிரித்துக்கொண்டே போய்விட்டான். இப்போது எலும்பு கூடிவிட்டது. மாலைதோறும் சங்கத்துத் திடலில் சைக்கிள் ஓட்டுகிறான். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறான்.

இளைஞர் இருவர்க்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த உல்லாசப் பயணத்துக்கு நீங்களும் வாருங்கள். வண்டி வாடகை விடும் இடத்தில் நம் குழந்தைகளின் பக்கத்தில் நில்லுங்கள். எது முதலில் பாயும் என்பதை அறிந்த நீங்கள், எதனை நிறுத்துவது எப்படி என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.